பெரியப்பாவின் கதை முடிகிற இடம்

விஷாலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாசக் கடைசியில் கோயம்புத்தூரில் நடக்கிற டிராக் ரேஸில் பெரியப்பாவின் பழைய ஆர்எக்ஸ் பைக்கை ஓட்ட வேண்டும்.

எளிமையான விளையாட்டு. கால் மைல் நேர் ரோடு. பக்கத்தில் ஒரே ஒரு எதிராளி. மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கும். பச்சை விழுந்ததும் கிளம்ப வேண்டும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. வளைவு கிடையாது, வழி கேட்க வேண்டியது கிடையாது, எதிரே டவுன் பஸ் வராது. இவ்வளவு வசதியான ஒன்றிலும் தோற்க முடியும் என்று போன வருடம் மதுரையில் விஷால் நிரூபித்திருந்தான். ராயப்பன்பட்டி நண்பன் பிரின்ஸின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய், பச்சை விழும் முன்பே கிளம்பி, முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டான். பிரின்ஸ் அதை வீடியோ எடுத்திருந்தான். அதில் விளக்குக் கம்பம் இருக்கிறது, எதிராளி இருக்கிறார், கொஞ்சம் புகை இருக்கிறது, விஷால் இல்லை.

அந்த வீடியோ கல்லூரி முழுக்கச் சுற்றிவிட்டு வெளியூருக்கும் போனது. அன்றிலிருந்து மெக்கானிக்கல் மூன்றாம் வருடத்தில் அவன் பெயர் முந்திரிக்கொட்டை. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பேராசிரியர்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். பிறகு திருத்திக்கொள்ளாமல் அடுத்த பெயருக்குப் போனார். விஷாலும் மறுக்காமல் "உள்ளேன் ஐயா" என்றான்.

அந்தப் பெயரை அழிக்க ஒரே வழிதான் உண்டு என்று விஷால் முடிவு செய்திருந்தான். இன்னொரு தடவை போய் நிற்க வேண்டும். நின்று, பச்சைக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் பிரின்ஸ் வண்டியை விற்றுவிட்டுத் தங்கச்சியைக் கல்லூரியில் விட ஸ்கூட்டர் வாங்கிவிட்டான். மிச்சமிருந்தது மாட்டுத்தொழுவத்தில் சாக்கு போர்த்திக் கிடந்த பெரியப்பா வண்டி.

முதலில் அப்பாவிடம் கேட்டான். அப்பா சின்னச்சாமிக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். அதைவிட முக்கியமாக, ஒரு ஜோடி பந்தய மாடு. பந்தயத்துக்கு வருகிற மாடுகளை உயரம் பார்த்துப் பெரிசிலிருந்து சின்னதுவரை கரிச்சான், பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று தரம் பிரிப்பார்கள். இவருடையது பூஞ்சிட்டு. தொழுவத்தில் அந்த இரண்டுக்கும் தனி ஃபேன் உண்டு, கொசுவலை உண்டு, விடிந்தால் பேரீச்சம்பழமும் முட்டையும் உண்டு. விஷாலுக்கும் ஃபேன் உண்டு, காற்று வராது.

"ரேஸா?" என்றார் சின்னச்சாமி. போன வாரம் சின்னமனூர்ப் பக்கம் பந்தய வண்டியிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கி, கையைத் தூளியில் தொங்கப் போட்டிருந்தார். "கை கால் ஒடிஞ்சு வீட்டுல கெடக்கணும்னு ஆசையாலே உனக்கு?"

"நீங்க ஓட்டலையாப்பா?"

"அது மாடுலே. பாரம்பரியம்."

"இதுவும் பழைய வண்டிதாம்ப்பா."

சின்னச்சாமி வலிக்காத கையால் துண்டை உதறித் தோளில் போட்டார். "வண்டி அண்ணனுது. அண்ணன் சரின்னாகன்னா எனக்கு என்ன? போய்க் கேளு."

அங்கேதான் சிக்கல். பெரியப்பா ராக்கப்பன் எதற்கும் சரி என்றும் சொல்ல மாட்டார், மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். கதை சொல்வார். பதில் கதையின் கடைசியில் இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைசி வரைக்கும் போனவர் யாரும் இல்லை. நடுவில் யாராவது குறுக்கே பேசினால் அவர் கோபிக்க மாட்டார். பொடிமட்டையைத் தட்டி ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் ஏற்றிவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். சொந்தக்காரர்கள் அதனால் அவரிடம் அபிப்பிராயம் கேட்பதை விட்டுவிட்டுத் தாங்களாகவே முடிவெடுத்துக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஷால் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தான்.

"அது வந்து," என்று பெரியப்பா ஆரம்பித்தார், "கூடலூர்லருந்து ரெண்டு கன்னுக்குட்டி வந்துச்சு." முதல் தடவை அந்த இடத்திலேயே போன் அடித்தது. அடுத்த தடவை கன்றுகளின் நெற்றிச் சுழி வரைக்கும் போனபோது மழை பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை விஷாலே, "பெரியப்பா, நேரா விசயத்துக்கு வாங்களேன்" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பெரியப்பா அவனிடம் பருத்திக்கொட்டை விலையைப் பற்றி மட்டும் பேசினார்.

ரேஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலையில்தான் ஒரு நாள் குமுளியில் திராட்சை இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு அப்பாவின் குட்டியானை லோடு வண்டியில் மலை இறங்கி வந்துகொண்டிருந்தான். இரைச்சல் பாலத்துக்கு மேலே ஒரு வளைவில் முன்னால் போன பஸ் நின்றது. ஒரு பெண் இறங்கி ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் ஏறிக் குனிந்து உட்கார்ந்தார். அப்படிக் குனிந்ததன் காரணம் சத்தத்திலேயே தெரிந்தது.

"ஏறுங்கம்மா," என்று கண்டக்டர் படியில் நின்று கெஞ்சினார். "இன்னும் நாலஞ்சு வளைவுதான். கண்ண மூடித் தெறந்தா லோயர்கேம்ப்."

"நாலஞ்சு வளைவுங்களா?" அந்தப் பெண் நிமிராமலேயே சொன்னார். "அப்ப நான் நடந்தே வந்துக்கறேனுங்க. நீங்க போங்க."

கண்டக்டர் இன்னும் கொஞ்சம் சொல்லிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் அவரவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சன்னல் வழியாகச் சொன்னார்கள். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உண்மையாகவே மலையை நடந்து இறங்க ஆரம்பித்ததும், பஸ் போய்விட்டது.

விஷால் வண்டியைப் பக்கத்தில் உருட்டி நிறுத்தினான். "அக்கா, தண்ணி வேணுமா?"

அவர் வாங்கி முகம் கழுவி நிமிர்ந்தார். விஷால் செல்போனைப் பையிலிருந்து எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினான். அதில் கறுப்பு ஹெல்மெட்டோடு பெட்ரோல் டாங்க் மேல் படுத்த மாதிரி ஒருவர் பைக்கில் பறந்துகொண்டிருந்தார்.

"நீங்க வேல்விழி அக்காதான?"

வேல்விழி என்றால் சுருளிப்பட்டியில் யாருக்கும் தெரியாது. பைக் டிராக் ரேஸ் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர்க்காரர். ஆண்களோடு ஒரே பிரிவில் ஓடி, ஜெயித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர். அவர் ஓட்டிய ஒவ்வொரு ரேஸின் வீடியோவையும் விஷால் பரீட்சைப் பாடத்தைவிட அதிக தடவை பார்த்திருந்தான். பரீட்சைத் தாள்களைப் பார்த்தாலே அது தெரியும்.

"படத்துல ஹெல்மெட்டு போட்டிருக்கனே, எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"சுவத்துல குனிஞ்சு உக்காந்தீங்கள்லக்கா. பைக்குல உக்கார்ற மாதிரியே இருந்துச்சு."

வேல்விழி வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "வெளிய சொல்லிராதீங்க தம்பி. எனக்கு நேர் ரோடுதான் வரும். வளைவு ஆவாது. குமுளில சிநேகிதி கல்யாணம், போவும்போதும் இதே கதிதான். தேனி போயிட்டா கோயமுத்தூர் பஸ் ஏறிருவேன்."

"ஏறுங்கக்கா, நான் இறக்கி விடுறேன்."

அவர் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வேல்விழி கதவைப் பிடித்தபடி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

அதன் பிறகு குமுளி மலையில் இதுவரை யாரும் ஓட்டாத மெதுவில் விஷால் ஓட்டினான். லாரிகள் தாண்டின. விறகு ஏற்றிய டிராக்டர் தாண்டியது. ஒரு குரங்கு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, சலித்துப்போய்த் திரும்பியது. விஷால் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்: பெரியப்பா வண்டி, மாசக் கடைசி, கிடைக்காத சம்மதம். மதுரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"போன வருசம் மதுரைல ஒரு பையன் பச்சைக்கு முன்னாடியே போனானே," என்று வேல்விழி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கேட்டார். "அந்த வீடியோ பாத்தீங்களா?"

"இல்லக்கா. யாருன்னு தெரியல."

"நல்ல வேகமுங்க அந்தப் பையன். நிக்கத்தான் தெரியல."

விஷால் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். மலை முடிந்து சமதரை வந்ததும் வேல்விழிக்கு முகம் தெளிந்தது. அவன் மனசில் ஒரு திட்டம் கூடியிருந்தது. எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம் இது! இவரே வீட்டுக்கு வந்து, "பையனை விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரியப்பா கதையே சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவார்.

"வயித்துக்கு ஒண்ணுமில்லாம எப்படிக்கா தேனி வரைக்கும் போவீங்க? வீடு வழியிலதான். அம்மா மோர் தருவாக."

"மோருன்னா சரிங்க" என்றார் வேல்விழி.

வீடு வழியில் இல்லை. கம்பத்திலிருந்து நன்றாகவே உள்ளே போக வேண்டும். ஆனால் ரோடு நேராக இருந்ததால் வேல்விழி கண்டுகொள்ளவில்லை.

அம்மா பஞ்சம்மாள் வந்தவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யார் எவர் என்று கேட்கும் முன் மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். "குடி தாயி. மல எறங்கி வந்த முகமா இருக்கு." அப்பா தொழுவத்திலிருந்து எழுந்து வந்து, மாடு பார்க்க வந்தவர் என்று நினைத்து மாட்டின் பல்லைக் காட்டினார். பெரியப்பா ஃபேனுக்கு நேர் கீழே, இரண்டு மாடுகளுக்கும் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

விஷால் நேராக விஷயத்துக்கு வந்தான். "பெரியப்பா, இவுகதான் வேல்விழி அக்கா. டிராக் ரேஸ்ல இவுகள அடிச்சுக்க ஆள் இல்ல. வண்டி விசயமா உங்ககிட்ட பேச வந்திருக்காக."

வேல்விழி அவனைத் திரும்பிப் பார்த்தார். மோர் என்றுதானே சொன்னாய் என்று கேட்டது அந்தப் பார்வை.

"உக்காரு தாயி," என்றார் ராக்கப்பன். "வண்டி விசயமா? சரி. அது வந்து, கூடலூர்லருந்து ரெண்டு கன்னுக்குட்டி வந்துச்சு."

வேல்விழி தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். அவருடைய முகத்தில் அவசரமே இல்லை.

கன்றுகள் மலைமாட்டு இனம். ஒன்றுக்கு நெற்றியில் சுழி, இன்னொன்றுக்கு வால் நுனி வெள்ளை. அவற்றை ஓட்டிக்கொண்டு வந்தவன் வழியில் கிணற்றில் விழுந்தான். அவனைத் தூக்கிவிட்டவனுக்குப் பிறகு அவனுடைய தங்கச்சியையே கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு இல்லை. கதை சாம்பாரை விட்டுக் கன்றுகளிடம் திரும்ப வெகுநேரம் ஆனது. கன்றுகள் வளர்ந்தன. பந்தயத்துக்குப் பழகின. வண்டி பூட்டிச் சின்னமனூர்ப் பந்தயத்துக்குப் போனார்கள். கோட்டில் நிறுத்தினார்கள். கொடி பிடிக்கிறவர் கொடியைத் தூக்கினார்.

விஷால் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. "கொடிய எறக்கிட்டாகளா? ஜெயிச்சிருச்சா? அப்ப நான் போலாந்தானே பெரியப்பா?"

ராக்கப்பன் பொடிமட்டையைத் தட்டினார். ஒரு சிட்டிகை. மூக்கு. தும்மல். "அது வந்து," என்றார், "கூடலூர்லருந்து ரெண்டு கன்னுக்குட்டி வந்துச்சு."

அப்பா சத்தமில்லாமல் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

வேல்விழி குனிந்து விஷாலின் காதருகே சொன்னார். "அந்த மதுரப் பையன் நீங்கதானுங்க?"

"எப்படிக்கா தெரியும்?"

"நான் கதவ சாத்தறதுக்குள்ளயே வண்டிய எடுத்தீங்கள்ல, அப்பவே தெரியும். இத கேளுங்க. காலைல போனா நாள் முழுக்க வரிசைல நிக்கறதுதான் எங்க பொழப்பு. வெயில்ல, ஹெல்மெட்ட கையில வெச்சுட்டு. ஓடறது கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். ஓடறதுக்கு எல்லாருக்கும் ஆசை இருக்குதுங்க. நிக்கறவன்தான் ஜெயிக்கறான்." தன் மோர் டம்ளரை அவன் கையில் திணித்தார். "இத வாயில வெச்சுக்கங்க. பெரியவுங்க முடிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது."

விஷால் டம்ளரை வாயில் வைத்தான். கன்றுக்குட்டிகள் கூடலூரிலிருந்து மறுபடியும் புறப்பட்டன. கிணறு வந்தது. தங்கச்சி வந்தாள். சாம்பாரில் உப்பு இல்லை என்ற இடத்தில், "ஏன், நெறயா ஆளு வந்துட்டதுங்களா?" என்று வேல்விழி கேட்டார். விஷால் பயந்துபோனான். ஆனால் ராக்கப்பன் பொடிமட்டையைத் தொடவில்லை. அவர் முகம் மலர்ந்தது. கதையை அவசரப்படுத்துகிறவர்களிடம்தான் அவருக்கு வருத்தம். கதைக்குள்ளே வந்து உட்கார்கிறவர்களை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அதையும் விஷால் கவனித்தான். டம்ளர் காலியாகிவிட்டது. இருந்தும் எடுக்கவில்லை. ஏனோ, முதல் தடவையாக, அந்தக் கிணற்றில் விழுந்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று அவனுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

கொடி தூக்கினார்கள். ராக்கப்பன் நிறுத்தினார். விஷால் டம்ளரைப் பல்லால் கடித்துக்கொண்டான். மாடுகள் வாலை ஆட்டின.

"கொடி எறங்குச்சு," என்றார் ராக்கப்பன். "அம்புட்டு வண்டியும் பறந்திருச்சு. நம்ம மாடு ரெண்டும் நின்ன எடத்துல நிக்கிதுக. வால முறுக்கிப் பாத்தேன், சீட்டி அடிச்சுப் பாத்தேன். அசபோட்டுக்கிட்டு நிக்கிதுக. போன வண்டியெல்லாம் திரும்பி வந்து, 'என்ன ராக்கப்பா, கல்யாண போட்டோவா'ன்னு கேட்டுட்டுப் போறாய்ங்க. அப்படியே நடத்தியே வீட்டுக்குக் கூட்டியாந்தேன். வாசல்ல பஞ்சு நின்டுக்கிட்டிருந்தா."

வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"அந்தக் கன்னு ரெண்டும் இவ வாக்கப்பட்டு வரும்போது கூடலூர்லருந்து கூடக் கொண்டாந்தது. தவிடு வச்சு, குளிப்பாட்டி, எல்லாம் இவதான். காலைல அவுத்து விடும்போது என்னமோ சொல்லுவா. என்னத்தா சொல்லுவ?"

"போலாம்டா சாமிகளான்னு சொல்லுவேன்" என்றாள் பஞ்சம்மாள்.

"அதேதான். அன்னைக்கும் அதச் சொன்னா. அம்புட்டுத்தான். வண்டியோட எடுத்துச்சுக பாரு ஓட்டம்! நான் மேலயே இருக்கேன். பக்கத்து வீட்டு வைக்கப்படப்புக்குள்ள போயித்தான் நின்டுச்சுக. நான் வெளிய வர, வைக்கல எடுக்க ஆளு வரவேண்டியதாப் போச்சு. அந்த ஓட்டத்த சின்னமனூர்ல ஓடிருந்தா கோப்பை நமக்கு. இவ ஒரு வார்த்த சொல்லலைன்னுதான் அதுக நின்டிருக்குதுக."

"பெறகு வயசான காலத்துல அதுகள குடுத்துட்டு, அந்தக் காசுலதான் இந்த ஆர்எக்ஸ் வண்டிய வாங்குனது. இப்பச் சொல்லு, வண்டி யாருது?" ராக்கப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அவகிட்டப் போய்க் கேளு. கத முடிஞ்சிருச்சு."

விஷால் டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். மூக்கின் மேல் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு வேளையும் என் கையில சாப்ட்டுக்கிட்டு," என்றாள் பஞ்சம்மாள், "இத்தன நாளும் ஊரெல்லாம் சுத்திச் சம்மதம் கேட்டிருக்க. என்னய ஒரு வார்த்த கேட்டியாடா?"

"அம்மா..."

"இரு. ஏத்தா வேல்விழி, இந்த வண்டி நேரா ஓடுமுன்னு சொல்றீக. ஓடி முடிஞ்சா நிக்குமா?"

"நிக்குமுங்கம்மா. ஓடற ரோட்டவிட நிக்கற ரோட்டத்தான் நீளமா விட்டிருப்பாங்க. பிரேக்க மட்டும் புதுசா மாத்திருங்க. கையுறை, பூட்ஸ், நல்ல ஹெல்மெட்டு இல்லாம உள்ள உடவே மாட்டாங்க."

"உங்க அம்மா உங்கள விட்டாகளா?"

"மொதல்ல உடலைங்க. அப்புறம் அவுங்களையும் கூட்டிட்டுப் போனேன். இப்ப நான் தோத்தா என்னையவிட அவுங்கதான் அதிகமா சண்ட போடறாங்க."

பஞ்சம்மாள் வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். "போகலாம். ஆனா நான் சொல்றப்பத்தான் கெளம்பணும். இனிமே தெனமும் சாயங்காலம் தோட்டத்துப் பாதைல வண்டிய நிப்பாட்டு. நான் சொல்லாம ஒரு அங்குலம் நகந்தன்னா, சாவிய எடுத்துக் கிணத்துல போட்ருவேன்."

வேல்விழியைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது விஷால் ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சையை அவர் மடியில் வைத்தான். சாட்சிக்கு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றான்.

"உங்க பெரியப்பா மாதிரி ஒருத்தர் எங்கூட்டுல இருந்திருந்தா, நான் இன்னும் முன்னாடியே ஜெயிச்சிருப்பனுங்க," என்றார் வேல்விழி. பஸ் கிளம்பியது. முதல் வளைவு வரைக்கும் கை காட்டினார். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் பயிற்சி தொடங்கியது. வண்டியைத் துடைத்து, பிரேக் மாற்றி, திராட்சைப் பந்தலுக்கு நடுவிலிருந்த மண்பாதையில் நிறுத்தினான். அம்மா முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். எஞ்சின் உறுமியது. கிளட்சைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. அம்மா கொடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினாள். கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். பாதைக்கு வந்த ஆட்டை ஏசினாள். உத்தமபாளையத்திலிருந்து அவள் சிநேகிதி லத்திபா போன் செய்தாள். நலம் விசாரித்து, அவள் மருமகளைப் பற்றிப் பேசி, அந்த மருமகளின் அம்மாவைப் பற்றிப் பேசி முடித்து, போனை இடுப்பில் செருகிவிட்டு, திரும்பாமலேயே மெல்ல, "போலாம்டா சாமி" என்றாள்.

விஷால் இதில் பாதியிலேயே போயிருந்தான். பாதையின் கடைசியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான்.

"சாவி" என்றாள் அம்மா, கையை நீட்டி.

"இன்னொரு தடவம்மா. ஒரே ஒரு தடவ."

அவன் விடவில்லை. அடுத்த நாளும் வந்து நின்றான். மழைத் தூறலிலும் நின்றான். கல்லூரியில் டெஸ்ட் இருந்த அன்றும் நின்றான், டெஸ்ட்டுக்குத்தான் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாரீஸ்வரி, "ஏன் மதினி, வண்டி ரிப்பேரா? தெனமும் நின்ன எடத்துலயே கத்துது" என்று கேட்டாள். அம்மா சொல்லும் வார்த்தைக்கு முன்னால் அவள் தோள் லேசாக அசையும் என்று விஷால் கண்டுபிடித்தான். அவன் கண்டுபிடித்ததை அம்மா கண்டுபிடித்து, அதற்குப் பிறகு சும்மாவே தோளை அசைத்தாள். கடைசியில் அவன் தோளைப் பார்ப்பதை விட்டான். ஆட்டைப் பார்ப்பதை விட்டான். லத்திபா அத்தையின் மருமகள் நல்லவளா இல்லையா என்று யோசிப்பதையும் விட்டான். காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அம்மா சொன்னாள், அவன் போனான். நடுவில் எதுவும் இல்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். சாவி கேட்கவில்லை.

கோயம்புத்தூருக்கு எல்லோரும் புறப்பட்டார்கள். குட்டியானையில் பின்னால் வண்டியும் பெரியப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியும், முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு குடும்பமும். மாடுகளுக்கு ஃபேன் போட்டுவிடுகிற வேலை பிரின்ஸுக்கு. "ஒரு வீடியோதான எடுத்தேன்?" என்று அவன் புலம்பினான். தூளி இல்லாத கையோடு வந்திருந்த அப்பா, அங்கே நின்ற பைக்குகளின் உயரத்தைப் பார்த்து, "இதெல்லாம் கரிச்சான். நம்மளுது பூஞ்சிட்டு" என்று தரம் பிரித்துக்கொண்டு வந்தார்.

முதல் சுற்று. பக்கத்து லேனில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவன். அவன் வண்டியில் இடமில்லாத அளவுக்குக் கம்பெனிகளின் ஸ்டிக்கர். விஷால் வண்டியில் ஒரே ஸ்டிக்கர்: சுருளி வேலப்பர் துணை. இரண்டு பேரும் கோட்டுக்கு வந்து நின்றார்கள். மேலே முதல் மஞ்சள் எரிந்தது.

பெங்களூர்க்காரன் எஞ்சினை அலற விட்டான். கூட்டம் கத்தியது. இரண்டாவது மஞ்சள். விஷாலின் விரல்கள் கிளட்சில் இருந்தன. ஆடு இல்லை, லத்திபா அத்தை இல்லை, முந்திரிக்கொட்டை இல்லை. பக்கத்தில் ஏதோ ஒன்று சரேலென்று போனது. அவன் அசையவில்லை. மூன்றாவது மஞ்சளும் எரிந்து அணைந்தது.

பச்சை.

போலாம்டா சாமி.

அவன் கோட்டைத் தாண்டி, நிற்பதற்காக விட்டிருந்த நீள ரோட்டின் முடிவில் வண்டியைத் திருப்பியபோதுதான் பக்கத்து லேனில், முந்திக் கிளம்பியதற்கான சிவப்பு எரிவதைப் பார்த்தான். பெங்களூர்க்காரன் அங்கே ஹெல்மெட்டைக் கழற்றி, தன் வண்டியையே முறைத்துக்கொண்டிருந்தான். அந்த முகம் விஷாலுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பக்கத்தில் போய், "அண்ணே, வீடியோவ யாருக்கும் அனுப்பாம பாத்துக்கங்க" என்றான்.

அடுத்த சுற்றில் ஒரு சக்கர இடைவெளியில் தோற்றான். எதிராளியின் வண்டி நல்ல வண்டி. பெரியப்பாவின் ஆர்எக்ஸ் தன் வயசுக்கு மேலேயே ஓடியிருந்தது. அவன் தள்ளிக்கொண்டு வந்தபோது வரிசையில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்த வேல்விழி, வரிசையை விட்டு வராமல் அங்கிருந்தே சொன்னார்.

"நல்லா நின்னீங்க தம்பி."

அப்பா, "தோத்துட்டியேலே, அந்த கரிச்சான்கிட்ட" என்று ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்பா மாடுகள் எப்படி இருக்கின்றன என்று விசாரிக்கப் பிரின்ஸுக்குப் போன் போட்டார்.

அடுத்த வருடத்துக்கு எஞ்சினை என்ன செய்ய வேண்டும் என்று விஷால் ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கியிருந்தான். சிலிண்டரைப் பிரிக்க வேண்டும். செயினை மாற்ற வேண்டும். அதற்குப் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இல்லை, அம்மாவிடம். திரும்பினான்.

பந்தல் நிழலில் பெரியப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி லெதர் கோட்டும் பூட்ஸுமாக வெளியூர் ரேஸர்கள் சிலர் தரையில் குந்தியிருந்தார்கள். அடுத்த சுற்றுக்கு நேரமிருந்தது. யாரோ அவரிடம், வண்டி எத்தனை வருடம் பழசு என்று கேட்டிருக்க வேண்டும். பெரியப்பா பொடிமட்டையைத் தட்டினார்.

"அது வந்து," என்றார், "கூடலூர்லருந்து ரெண்டு கன்னுக்குட்டி வந்துச்சு."

விஷால் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களோடு தரையில் உட்கார்ந்தான்.